டிவிப் பெட்டிக்கு எழுத்தறிவித்தவன்

செப்டம்பர் 11, 1988

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் ஆடுகிற கட்டிலின் காலுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். கட்டில் ஆடினால் ஆடட்டும். நடக்கப்போவது சரித்திரம். சரித்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் வைக்க முடியாது.

கோபி கச்சேரிமேட்டில் உள்ள ‘மாரப்பன் டிவி ஆஸ்பத்திரி’யை அறியாதவர் ஈரோடு முதல் இமயம் வரை கிடையாது. அதன் தலைமை மருத்துவர், கம்பவுண்டர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் நான்தான். இன்று கடையில் கும்பமேளாக் கூட்டம். வந்தது இரண்டு பேர். ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார். இன்னொருத்தி என் அக்காள் ராமாத்தாளின் மகள் பூங்கோதை.

கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். அங்கே பழைய சின்னக் கம்ப்யூட்டர்கள் மூன்றைக் கழித்துக் கட்டினார்களாம். அவற்றை வாங்கிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். என் கடைக்கு மேலே மாடி அறையில், விஜயதசமியன்று கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கிறாளாம். பிள்ளைகளையும் சேர்த்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பே ஒரு தட்டச்சுப் பலகைதான். மூளை அதற்குள் இருக்கிறது. முகம் கிடையாது. மானிட்டர் என்ற முகம் தனியாக வாங்க வேண்டும். அதற்கு அவளிடம் வழியில்லை.

என் கடையில் கறுப்பு வெள்ளை டிவிகள் மூன்று கிடக்கின்றன. கலர் டிவி வாங்கியவர்கள், ரிப்பேருக்கு என்று இவற்றை விட்டுவிட்டு, திருவிழாவில் வேண்டாத மாமியாரைத் தொலைத்த மாதிரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். தமிழாசிரியர் வீட்டிலிருந்து வந்தது ‘வாத்தியார்’. ஊர்ப் பொதுவில் இருந்தது ‘பஞ்சாயத்து’. மரப்பெட்டியும் மடக்குக் கதவுமாகப் பவிசு காட்டுவது ‘சம்பந்தி’.

“மாமா, இதுகள மானிட்டரா மாத்திப்போட முடியுங்களா?” என்றாள்.

முடியுமாவா? கொடிவேரி அணையையே மானிட்டராக மாற்றித் தருகிறேன், தண்ணீரை மட்டும் யாராவது கொஞ்சம் நிறுத்தட்டும் என்றேன்.

விஷயம் அவளுக்கு விளையாட்டில்லை. விஜயதசமிக்கு வகுப்பு நடக்காவிட்டால், தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டாரோடு தாம்பூலம் மாற்றிவிடுவேன் என்று ராமாத்தாள் சொல்லிவிட்டாளாம். பூங்கோதைக்கு அந்தப் பையனின் மீசையும் பிடிக்கவில்லை, மீசைக்குப் பின்னால் இருப்பவனையும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 13

முதல் முயற்சி. ஆன்டெனா சொருகும் ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டரை வாத்தியாரோடு இணைத்தோம். எழுத்து வந்தது. வந்த எழுத்து நின்றால்தானே. அடைமழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி நடுங்கியது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைத் திரையின் ஓரம் விழுங்கிவிட்டது.

பூங்கோதைக்கும் படிக்க முடியவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன். அவளுக்கும் முடியவில்லை.

நான் நாற்காலியில் சாய்ந்து தீர்ப்பு வழங்கினேன். டிவி முகம் பார்க்கப் பிறந்த ஜாதி. செய்தி வாசிக்கிறவரின் மூக்கு அரை விரல்கடை வழிந்தால் எவனும் கேட்க மாட்டான். எழுத்தின் மூக்கு வழிந்தால் எட்டு மூன்றாகிவிடும், மூன்று எட்டாகிவிடும், நாடு திவாலாகிவிடும். வாசல் வழியாக வரவேண்டிய மாப்பிள்ளையைப் புகைபோக்கி வழியாக இறக்கினால் கரியோடுதான் வருவான். ஆன்டெனா வழி ஆகாது. பெட்டியைத் திறந்து, படத்தை இயக்குகிற இடத்துக்கே நேராக ஒயர் கொடுக்க வேண்டும்.

“அப்பத் தெளிவாயிருங்களா மாமா?”

காலையில் எழுந்து கண்ணாடி பார்க்கிற மாதிரி இருக்கும் என்றேன். நான் காலையில் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தி எத்தனையோ நாளாயிற்று. அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 17

வாத்தியாருக்கு மாபெரும் அறுவை சிகிச்சை. சேனல் திருகுகிற டப்பாவைக் கழற்றி வீசினேன். பேச்சுக்கான பகுதியைத் துண்டித்தேன். வாழ்நாள் முழுக்கப் பேசிய வாத்தியார் ஊமையானார். வீடியோ ஒயரை நேராகக் கொடுத்தேன். படத்தை இரண்டு பக்கமும் சுருக்கி, விழுங்கிய முதல் எழுத்தைக் கக்க வைத்தேன்.

பூங்கோதை கைதட்டினாள். “மாமா, அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்.”

நானும் குனிந்து பார்த்தேன். அதே எறும்பு. மழை மட்டும் நின்றிருந்தது.

“சுமார்தான்” என்றேன். ஃபோகஸ் திருகாணியை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று காபி ஆறும்வரை திருகினேன். அவள் கூடவே குனிந்து பார்த்துவிட்டு, முதலில் இருந்ததே நன்றாக இருந்தது மாமா என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தராதரம் குறைவு. எதையும் உடனே நன்றாக இருக்கிறது என்றுவிடுகிறார்கள்.

தெருவில் ஒரு ஜீப் ஒலிபெருக்கியோடு மூன்று முறை போனது. அடுத்த மாதம் பள்ளி மைதானத்தில் இலவசக் கண் முகாமாம். இரைச்சலில் வேலையே ஓடவில்லை.

செப்டம்பர் 18

கச்சேரிமேட்டு முக்கில் சிவப்புச் சால்வை போர்த்திய பெரிய மனிதருக்கு வணக்கம் வைத்தேன். பதில் வணக்கம் இல்லை. என்ன கர்வம்.

அது தபால் பெட்டி என்கிறாள் என் மனைவி பாவாத்தாள். தபால் பெட்டியாகவே இருக்கட்டும். மத்திய அரசுக்கு மரியாதை செய்வதில் என்ன தப்பு?

செப்டம்பர் 24

பஞ்சாயத்தைத் திறந்தேன். இதில் ஒரு ரெசிஸ்டர் மாற்ற வேண்டியிருந்தது. கடுகு உருண்டையை இழுத்து நீட்டின மாதிரி இருக்கும் அதன் மேல் கலர் கலராகக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் அளவு சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நான் பத்தடி தூரத்திலிருந்து சொல்வேன், ஓடுகிற பஸ்ஸிலிருந்து சொல்வேன். இப்போது கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு மூன்றையும் ஒரே சட்டியில் குழைத்துப் பூசி அனுப்புகிறார்கள்.

போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். பஞ்சாயத்தின் தலையிலிருந்து ஒரு யாகம் கிளம்பியது. மாடியிலிருந்து பூங்கோதை ஓடிவந்தாள். ஒன்றுமில்லை அம்மிணி, பெட்டிக்குத் திருஷ்டி கழித்தேன் என்றேன். அவள் கருகின ரெசிஸ்டரைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். புதிது ஒன்றை டப்பாவிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். அது சரியாக உட்கார்ந்தது. அதிர்ஷ்டக்காரி.

கடையில் இருந்த பல்பைக் கழற்றிவிட்டு இருநூறு வாட்ஸ் போட்டிருக்கிறேன். கோபியிலுள்ள ஈசல் அத்தனையும் என் கடையில்தான் மாநாடு.

வேலை ஓடினாலும் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கடைக்கும் டீக்கடைக்கும் நடந்தே ரோட்டில் வாய்க்கால் வெட்டிவிட்டேன்.

அக்டோபர் 2

இன்று சம்பந்தி. இந்த மரப்பெட்டியின் குணத்தை வருங்காலச் சந்ததிக்காக எழுதி வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் உள்ளேயே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. சம்பந்தியில் இல்லை. வீட்டுக் கரண்ட் நேராக வந்து, உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். டிவியாக இருக்கும்வரை ஆபத்தில்லை, வெளியே மரம், பிளாஸ்டிக், யார் கை வைக்கப்போகிறார்கள்? ஆனால் மானிட்டராக மாற்றினால், அந்தச் சட்டத்திலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒயரின் மறுமுனையில் ஒரு பிள்ளையின் கை இருக்கும்.

அதனால் நடுவில் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தேன். கரண்ட் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் போகும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்கும், தொடுப்பு இருக்காது. இந்தக் காலத்துச் சம்பந்திகளுக்கு அதுதான் சரி. பக்கத்துப் பக்கத்துத் திருகாணிகளில் ஒயர்களை முறுக்கி வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். கச்சிதம்.

அக்டோபர் 5

சம்பந்தியை மாடிக்குத் தூக்கிப்போய் இணைத்தோம். படம் வந்தது. பூங்கோதை வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று, கம்ப்யூட்டர் பின்னாலிருக்கும் ஒயரைச் சரியாகச் சொருகப் போனாள்.

கரண்ட் அவளை லேசாக முத்தமிட்டது. அவ்வளவுதான். கை உதறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. கண்ணாடி வளையல் உடைந்தது. இதெல்லாம் இந்தத் தொழிலில் சகஜம். நான் வாங்காத ஷாக்கா? என்னைத் தொட்ட கரண்ட்தான் பயந்து ஓடியிருக்கிறது.

“ஒண்ணுமில்லீங் மாமா” என்றாள். குரலில் பாதி வெறும் காற்று.

வளையல் துண்டுகளை நானே பொறுக்கினேன். பொறுக்கி முடித்தேன் என்று நினைத்தேன். பின்னால் வந்து அவள் நிறையப் பொறுக்கினாள்.

அக்டோபர் 6

கடை திறக்கவில்லை. மழை.

மழை பெய்யவில்லை என்கிறாள் பாவாத்தாள்.

அக்டோபர் 8

பூங்கோதை கடைக்கு வந்தாள். சம்பந்தியின் டிரான்ஸ்பார்மரை அவள் பிரித்துப் பார்த்தாளாம். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து என் வலது கையை இழுத்து விரித்தாள். எதையோ உள்ளங்கையில் வைத்தாள். அல்லது வைக்கிற மாதிரி பாவனை செய்தாள்.

“மாமா, கையில என்ன இருக்குதுன்னு சொல்லுங்.”

“ரேகை இருக்குது. ராஜயோக ரேகை.”

“வேற?”

இருநூறு வாட்ஸ் பல்பு தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. நான் கையைத் திருப்பினேன், கிட்டே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன்.

“ஒண்ணுமில்லையே அம்மிணி.”

அவள் என் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். சுருக்கென்று குத்தியது. செம்புக் கம்பி. தலைமுடி கனம் இருக்கும். ஒயரை முறுக்கும்போது பிரிந்து நின்ற ஒரே ஒரு இழை. அடுத்த திருகாணியைத் தொட்டுக்கொண்டு நின்றதாம்.

எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து போனேன். டீக்கடையில் உட்காராமல் அப்படியே நடந்து பாரியூர் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டேன். காற்று வாங்கத்தான்.

அக்டோபர் 12

பூங்கோதைக்குத் திடீரென்று தொழில் ஆசை வந்திருக்கிறது. மாமா, நீங்க வாயால சொல்லுங்க, நான் ஈயம் பத்த வைக்கறேன் என்று என் சால்டரிங் அயர்னைப் பிடுங்கிக்கொண்டாள். பெரிய மனது பண்ணி அனுமதித்தேன். மகாராஜாக்கள் தாங்களேவா உழுதார்கள்? சிம்மாசனத்திலிருந்து கட்டளையிடுகிறேன், வேலை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுகிறாள். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு முறை கடையைப் பூட்டினேன், இரண்டு முறை திறந்தேன். உள்ளே இருந்தால் வெளியே போக வேண்டும் போலிருக்கிறது. வெளியே போனால் ரோடு எது, வெயில் எது என்று தெரியாத அளவு கூசுகிறது. சூரியனுக்கு யாரோ இருநூறு வாட்ஸ் மாட்டிவிட்டார்கள்.

ஜீப் மறுபடி வந்தது. கண்ணில் புரை விழுந்தவர்களைப் பெருந்துறைக்குக் கூட்டிப்போய், கண்ணைத் திறந்து, புரையை எடுத்துவிட்டு மூடி அனுப்புவார்களாம்.

இந்தத் திறப்பது மூடுவதைப் பற்றி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். நான் திறந்த பெட்டிகளை அடுக்கினால் பச்சைமலை குட்டையாகிவிடும். ஒன்றைக்கூட முன்பிருந்த மாதிரி மூடியதில்லை. எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். எப்போதும் மிஞ்சும். அதை டப்பாவில் போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் சிரித்துக்கொண்டே கொடுப்பேன். டாக்டரிடமும் அப்படி ஒரு டப்பா இருக்காது என்று என்ன நிச்சயம்?

பொதுவாகச் சொன்னேன். எனக்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 19

ஆயுத பூஜை. மூன்று பெட்டிகளும் மாடியில் தயார். பாவாத்தாள் கடையைக் கழுவிக் கோலம் போட்டு, பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வைத்துவிட்டாள். ராமாத்தாளும் வந்திருந்தாள். தாராபுரத்துப் பேச்சை எடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு பொரி கொறித்துக்கொண்டிருந்தாள்.

பலகையில் என் ஆயுதங்கள். ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளேயர், மீட்டர், சால்டரிங் அயர்ன். பாவாத்தாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். பூஜையில் வைத்துவிட்டால் நாளைக் காலை வரை எதையும் தொடக்கூடாது. எனக்குக் கை அரித்தது. சம்பந்தியை ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமே, மறுபடி ஒரு இழை எங்காவது நின்றிருந்தால் என்று எழுந்தேன். “உக்காருங்க மாமா, நான் ரண்டு தரம் பாத்துட்டேனுங்” என்று பூங்கோதை உட்கார வைத்தாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி எழுந்தேன்.

அப்போது பாவாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு என் எதிரே வந்து நின்றாள். பலகையில் எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது. கண்ணை மூடச் சொன்னாள். விபூதி பூசப்போகிறாள் என்று மூடினேன். வலது இமையில் சில்லென்று ஒரு பொட்டு. இடது இமையில் ஒன்று.

“இதுவும் உங்க ஆயுதந்தானுங்களே” என்றாள். “பூசையில வெச்சாச்சு. இனி ரிப்பேர் பாக்காம எடுக்கக்கூடாது.”

ராமாத்தாள் பொரி மெல்லுவது நின்றுவிட்டது. எதையாவது பிரமாதமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு பிடி பொரியைப் போட்டுக்கொண்டேன். பசிதான்.

அக்டோபர் 20

விஜயதசமி. வகுப்பு தொடங்கிவிட்டது. ராமாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து, இந்த யோசனையே தன்னுடையது என்கிற மாதிரி எல்லோருக்கும் சந்தனம் நீட்டினாள். தாராபுரம் பற்றிக் கேட்டவர்களிடம், ‘அவங்களுக்கென்ன அவசரம்’ என்றாள்.

திறப்பாளர் நான். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை வாங்கி, ரிப்பனைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டப் போனேன். பூங்கோதை என் கையோடு கை வைத்து வெட்டினாள்.

பிறகு என்னை வாத்தியாருக்கு முன்னால் உட்கார வைத்தாள். பக்கத்தில் பஞ்சாயத்தும் சம்பந்தியும். புதுப் பிள்ளைகள் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். விஜயதசமிக்கு முதல் எழுத்து எழுத வைக்க வேண்டுமல்லவா, பச்சரிசிக்குப் பதில் இன்று பொத்தான் என்றாள். என் விரலைப் பிடித்து ஒரு பொத்தானின் மேல் வைத்தாள். “அமுக்குங் மாமா.”

பயமாக இருந்தது. திரையில் ஏதோ வரும், படியுங்கள் என்பாள், இத்தனை பேருக்கு முன்னால் நான் எறும்பைப் பார்த்துக் கவிதை பாட வேண்டியிருக்கும். கையை ஊன்றி எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அமுக்கினேன்.

கட்டம் கட்டமாக வெள்ளை விழுந்தது. செங்கல் அடுக்குகிற மாதிரி, மேலிருந்து கீழே. ஒரு சுழி வந்தது. வளைந்து கீழே இறங்கியது. நேராக ஒரு கால் நின்றது. திரை முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பூசணிக்காய் பருமனுக்கு ஒரே ஒரு எழுத்து. பக்கத்துப் பெட்டிகளில் இரண்டு பிள்ளைகளும் அமுக்கியிருக்க வேண்டும், மூன்று பெட்டியிலும் அதே எழுத்து.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழே கிடையாது. ஒவ்வொரு கட்டமாக அவள் உட்கார்ந்து கட்டியிருக்கிறாள்.

“தெரியுதுங்களா மாமா?”

“அ” என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் இதற்கு மேல் இன்று எதையும் பெரிதாக்கி எழுதப்போவதில்லை. அதுவே பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டதாகப் படியிறங்கும்போது சொன்னாள். மூன்று பெட்டியைத் திறந்து மூடியும் ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை மாமா, நான் எண்ணிப் பார்த்தேன் என்றாள். அந்த டப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னது பாவாத்தாளாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 23

பள்ளி மைதானம். எனக்கு முன்னால் பெரிய வரிசை. டாக்டர்களின் கருவிகளை ஒரு தொழில்நுட்ப நிபுணர் என்ற முறையில் பார்வையிட வந்திருக்கிறேன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி வைத்தேன். அவரும் அதற்குத்தான் வந்ததாகச் சொன்னார்.

ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்கச் சொன்னாள் ஒரு நர்ஸ் பெண். பூங்கோதை வயது இருக்கும். குரலை வைத்துச் சொல்கிறேன். மேல் வரிசையில் ஒரே எழுத்து, பெரிதாக. சொன்னேன். அடுத்த வரி?

அட்டை அழுக்கு என்று வாயில் வந்தது. வெளிச்சம் போதாது என்று வந்தது. அச்சடித்தவனுக்குத் தராதரம் இல்லை என்று வந்தது. இவ்வளவு நாள் எனக்காக உழைத்த பதில்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

“தெரியலீங் அம்மிணி” என்றேன்.

“பரவால்லீங்க” என்று எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். வானம் இடியவில்லை. வியாழக்கிழமை பெருந்துறைக்குப் போக வேண்டும்.

பாவாத்தாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். சிரித்தாளா, அழுதாளா என்று எழுத வேண்டும். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.